பத்துமலைப் பாதையும் தோட்டத்து மக்களும்

தைப்பூசம் நெருங்கினால் கோலசிலாங்கூர், ஈஜோக், பத்தாங் பெர்சுந்தை (இன்றைய பெஸ்தாரி ஜெயா) தோட்டத்து மக்களின் நெஞ்சம் பத்துமலையை நாடும். அங்கு 1892 முதல் விழா நடைபெற்று வருகிறது. கோலாலம்பூர் ஸ்ரீ மகா மாரியம்மன் ஆலயத்திலிருந்து இரவில் புறப்படும் இரதத்தைத் தொடர்ந்து அடியார்கள் ஏறத்தாழ 15 கிலோமீட்டர் நடக்கின்றனர். குகைக்கு 1920இல் மரப்படிகள் அமைந்தன; இன்று ஏறவேண்டிய படிகள் 272.

கரும்புத் தொட்டிலில் பெற்றோர் சுமக்க அவ்வழியை முதன்முதல் கடந்த குழவி, காளைப் பருவத்தில் காவடியேந்தி விரைகிறது. அப்பருவத்தில் வேகமே பெருமை! பின்னர் தன் மகவுக்காகத் தொட்டில் சுமக்கும்போதுதான் பாதையின் நீளம் புரிகிறது. முதுமையிலோ கையில் பால்குடம், முழங்காலில் வலி, படிக்குப் படி ஓய்வு.

தோட்டங்கள் பல துண்டாடப்பட்டு, உறவுகள் பட்டணங்களுக்குச் சிதறிய பின்னர், ஒரே லயத்தில் வாழ்ந்தோர் ஒருவரையொருவர் மீண்டும் காண்பதும் இந்நடையில்தான்.