ஒற்றியூர் எல்லையும் மஞ்சள் அட்டையும்

திருவொற்றியூரின் எல்லையைத் தாண்டிய பயணி ஒருவர் நோயுற்ற செய்தியைச் சேக்கிழார் 12-ஆம் நூற்றாண்டிலேயே எழுதி வைத்துவிட்டார். சங்கிலியாரைப் பிரியேன் என்று மகிழ மரத்தடியில் சூளுரைத்த சுந்தரர், ஆரூர் நினைவு மேலிட்டு ஊரெல்லையைக் கடந்ததும் இரு கண்களின் ஒளியையும் இழந்தார். வெண்பாக்கத்தில் ஊன்றுகோல், காஞ்சியில் ஒரு கண், திருத்துருத்தியில் நீராடி மேனிப் பிணி நீங்குதல், ஆரூரில் மறு கண் என்று வழிநெடுகிலும் குணம் பெற்றுக்கொண்டே போகிறார். பக்திக் கதையை மருத்துவக் கதையாக்குகிறோம் என்று அன்பர்கள் சினம் கொள்ள வேண்டாம். பயணியின் நோய் அங்கே பயணியின் துன்பமாகவே பேசப்படுகிறது; அதற்காகவே நினைவூட்டுகிறோம்.

பிற்காலத்து அரசுகள் இதைத் தலைகீழாகவே கண்டன. 1860 அக்டோபரில் 'ட்ரூரோ' என்னும் கப்பல் சென்னையிலிருந்து நேட்டாலுக்கு ஒப்பந்தக் கூலிகளை ஏற்றிச் சென்றது. இத்தகைய கப்பல்களில் ஏறுமுன் கூலிகளை மருத்துவர் பார்த்ததுண்டு. கரும்புத் தோட்டத்திற்கு உதவும் உடலா என்று பார்த்தார். 1896-இல் பம்பாயில் பிளேக் புகுந்தது. மறு ஆண்டே கொள்ளைநோய்ச் சட்டம் வந்தது. சென்னை மாகாணத்தில் 'பிளேக் பாஸ்போர்ட்' என்றொரு சீட்டு நடைமுறைக்கு வந்தது. நோய் கண்ட பகுதியிலிருந்து ரயிலேறி வருபவர், போய்ச் சேர்ந்த ஊரில் பல நாட்கள் அதிகாரியின் முன் நின்று தம் உடலைக் காட்டியாக வேண்டும். இலங்கைத் தேயிலைத் தோட்டங்களுக்குப் போனவர்களை மண்டபம் முகாமில் நிறுத்தி வைத்து, அம்மை குத்தி, நோயில்லை என்று கண்ட பிறகே கப்பலேற்றினார்கள். இந்திய மண்ணில் அம்முகாமை நடத்தியது இலங்கை அரசு! இவை அனைத்திலும் காப்பாற்றப்பட்டது ஊர். பயணி, ஊருக்கு நேரக்கூடிய ஆபத்து.

இதற்கு மாறான ஒரு முயற்சியும் இருந்தது. 1892-இல் வங்காளத்தில் தபால் நிலையங்களில் கொயினா பொட்டலங்களைக் காசுக்கு விற்கத் தொடங்கினார்கள். கடிதம் போட வந்தவன் காய்ச்சல் மருந்தும் வாங்கிப் போனான். நம் பக்கத்தில் நீலகிரி நடுவட்டத்திலேயே சிங்கோனா பட்டையிலிருந்து கொயினா காய்ச்சினார்கள். மருந்து மனிதன் நடமாடும் இடத்துக்கு வர வேண்டும் என்ற எண்ணம் அப்போதே சிலருக்கு இருந்திருக்கிறது.

இன்றைய மஞ்சள் அட்டைக்கு வருவோம். மஞ்சள் காய்ச்சல் ஆசியாவில் வேரூன்றியதில்லை. ஆனால் அதைப் பரப்பும் ஏடிஸ் கொசு நம் தெருத் தொட்டிகளிலெல்லாம் உண்டு. நம் மக்களுக்கோ எதிர்ப்புச் சக்தி இல்லை. ஆகவே இந்தியா கடுமை காட்டுவதில் நியாயம் இருக்கிறது. நோய் உள்ள நாட்டிலிருந்து சான்றிதழின்றி வருபவரை ஆறு நாள் வரை தனிமைப்படுத்தலாம். மாக்ஸ் தைலர் 1937-இல் உருவாக்கிய 17டி தடுப்பூசிக்கு 1951-இல் நோபல் பரிசு கிடைத்தது. ஊசி போட்டுப் பத்து நாள் கழித்தே சான்றிதழ் செல்லுபடியாகும். முன்பு பத்தாண்டுக்கு ஒருமுறை புதுப்பிக்க வேண்டியிருந்தது. 2016 ஜூலை முதல் ஒரே ஊசி ஆயுள் முழுவதற்கும் போதும். அரசு அங்கீகரித்த மையங்களில் மட்டுமே இதைப் போடுவார்கள். சென்னையில் துறைமுகச் சுகாதார நிறுவனத்தையும் கிண்டி கிங் நிலையத்தையும் கப்பலுக்குப் போகும் வடசென்னைப் பிள்ளைகள் நன்கறிவார்கள். குப்பியைக் கரைத்தபின் சில மணி நேரத்துக்குள் செலவழித்துவிட வேண்டும். ஆகவே ஆட்கள் சேரும் நாளில் போடுகிறார்கள். தெருமுனைக் கடைக்கு இது ஒத்து வராது என்பதை நாமும் ஏற்கிறோம்.

ஆனால் அட்டை வாங்கியவன் மலேரியாவைப் பற்றி யாரிடம் கேட்பான்? மேற்கு ஆப்பிரிக்கத் துறைமுகத்தில் அவனைக் கொல்லக்கூடியது பெரும்பாலும் அதுதான். அதற்கு எந்தச் சான்றிதழும் கிடையாது. அரசுக்கு அதில் அச்சமும் இல்லை. அவன் கேட்பது மருந்துக்கடையில். அங்கே பழக்கத்தின் பேரில் குளோரோகுவினை எடுத்துக் கொடுத்தால், அந்நிலத்து மலேரியாவுக்கு அது பயன்படாது. டாக்ஸிசைக்ளின் என்றால் புறப்படுமுன் ஓரிரு நாள் முன்பே தொடங்கி, நோய்ப் பகுதியை விட்டு வந்த பிறகும் நான்கு வாரம் விழுங்க வேண்டும். அது மருத்துவர் சீட்டின்றிக் கொடுக்கக் கூடாத மருந்து வேறு.

போர்ச்சுகலிலும் கனடாவின் ஆல்பர்ட்டாவிலும் 2007 முதல் மருந்தாளுநர்களே ஊசி போடுகிறார்கள். பிரிட்டனில் பயணிகளுக்கான ஆலோசனையும் தடுப்பூசிகளும் மருந்துக்கடைகளிலேயே கிடைக்கின்றன. இங்கே அத்தனை தூரம் போக வேண்டாம். 2015-ஆம் ஆண்டு மருந்தாளுநர் தொழில் ஒழுங்குவிதிகள், நோயாளிக்கு ஆலோசனை சொல்வதை மருந்தாளுநரின் கடமைகளுள் ஒன்றாகவே சேர்த்திருக்கின்றன. 'எந்த நாட்டுக்குப் போகிறீர்கள், தம்பி?' என்று ஒரு கேள்வி கேட்டு, சரியான மருத்துவரிடம் அனுப்பினால் போதும்.

பெரும்பாலோர் மாத்திரையை நிறுத்திவிடுவது ஊர் திரும்பிய பிறகுதான். வடிவுடையம்மன் சன்னதியில் தேங்காய் உடைத்தாயிற்று, உடம்பும் நன்றாயிருக்கிறது, இனி எதற்கு என்று தோன்றிவிடுகிறது. காய்ச்சல் அதன் பிறகு வரும். அப்போதும் முதலில் போவது அதே மருந்துக்கடைக்கு. 'ஆப்பிரிக்காவிலிருந்து வந்தேன்' என்று அவன் சொல்வதில்லை, கடைக்காரரும் கேட்பதில்லை.