ஹமாம்: சோப்பு, சுல்தான், முதுகு தேய்த்தவர்

ஹமாம் என்றால் நமக்கெல்லாம் சோப்புதான். டாடா கம்பெனி போட்ட சோப்பு, 90-களில் இந்துஸ்தான் லீவர் கைக்குப் போனது. எங்கள் வீட்டில் கிணற்றடியில் ஒரு தேங்காய்ச் சிரட்டையில் எப்போதும் ஒன்று ஊறிக்கொண்டிருக்கும். அது அரபு மொழியிலிருந்து வந்த வார்த்தை, குளிக்கும் இடம் என்று அர்த்தம், துருக்கியில் இன்னமும் அந்தப் பெயரில் கட்டடமே இருக்கிறது என்பதெல்லாம் ரொம்ப வருஷம் கழித்துத்தான் தெரிந்தது. சரி, பேரைச் சொல்லி இத்தனை வருஷம் குளிச்சாச்சு, ஊரையும் பார்த்துடலாம் என்று இஸ்தான்புல் போனபோது ஒருநாள் காலையில் கிளம்பிவிட்டேன்.

நான் போனது ஜாலோலு ஹமாம். ஆயா சோஃபியாவிலிருந்து பொடிநடையாகப் போய்விடலாம். 1741-ல் சுல்தான் முதலாம் மஹ்மூத் கட்டியது. ஆண்களுக்கு ஒரு வாசல், பெண்களுக்குத் தனியாக இன்னொரு வாசல். சட்டையைக் கழற்றி வைத்துவிட்டு, பெஷ்டெமால் என்று ஒரு துண்டு கொடுப்பார்கள், இடுப்பில் கட்டிக்கொள்ள வேண்டும். நம்ம ஈரிழைத் துண்டுக்கு ஒன்றுவிட்ட தம்பி மாதிரி இருந்தது.

முதலில் உடை மாற்றும் கூடம், அடுத்து இளஞ்சூடான அறை, அப்புறம் வெந்நீர்க் கூடம். படிப்படியாகச் சூட்டுக்குப் பழக்குகிறார்கள். அந்தக் காலத்து ஏற்பாடு இப்படி: கட்டடத்தின் ஒரு பக்கம் விறகு அடுப்பு எரியும். அந்தச் சூடும் புகையும் தரைக்கு அடியில் விட்டிருக்கும் வெற்றிடத்தில் ஓடி, சுவருக்குள் பதித்த குழாய்கள் வழியாக மேலே போய்விடும். அதனால் தரையும் சுடும், சுவரும் சுடும், அறைக்குள் புகை வராது. ரோமானியர்கள் செய்த அதே வேலை. தரைக்கடியில் இருக்கும் அந்த இடத்துக்கு ஜெஹன்னெம்லிக் என்று பேர். ஜெஹன்னம் என்றால் நரகம்! மேலே பார்த்தால் குவிமாடத்தில் சின்னச் சின்னக் கண்ணாடித் துளைகள், வெளிச்சம் கம்பி கம்பியாக இறங்குகிறது. அதற்கு யானைக்கண் என்று பேர் வைத்திருக்கிறார்கள். சுவரோரம் பளிங்குத் தொட்டிகள். தொட்டியில் அடைப்பான் கிடையாது. தேங்கிய தண்ணீர் ஆகாது, ஓடும் தண்ணீரில்தான் குளிக்க வேண்டும் என்பது அவர்கள் வழக்கம். மொண்டு மொண்டு ஊற்றிக்கொள்ள வேண்டியதுதான், நம்மைப் போலவே.

நடுவில் பெரிய பளிங்கு மேடை. வயிற்றுக்கல் என்று அர்த்தம் வரும்படி ஒரு பேர். அதில் படுக்கச் சொன்னார் தெல்லாக். குளிப்பாட்டி விடுபவருக்கு அதுதான் பெயர். ஐம்பது வயசு இருக்கும். முரட்டுத் துணி உறையைக் கையில் மாட்டிக்கொண்டு தேய்த்தார் பாருங்கள், உருண்டை உருண்டையாக அழுக்கு. தினம் இரண்டு வேளை குளிக்கிறவன் என்ற என் பெருமை அங்கேயே கரைந்து போச்சு. அம்மாவுக்கு அப்புறம் என்னை இன்னொருத்தர் குளிப்பாட்டியது அன்றைக்குத்தான். ரொம்பக் கூச்சமாக இருந்தது. கூச்சத்தை மறைக்க, "எந்த ஊர்?" என்று கேட்டேன். "தோகாத்" என்றார். அப்பாவும் இதே தொழில்தானாம்.

இங்கேதான் ஒரு பழைய கதை சொல்ல வேண்டும்.

1730-ல் இஸ்தான்புல்லில் பத்ரோனா ஹலீல் என்று ஒருவர் இருந்தார். அல்பேனியர், பழைய படைவீரர். பிழைப்புக்குப் பழைய துணி விற்றார், ஹமாமில் தெல்லாக் வேலையும் பார்த்தார். மேலிடத்து ஆடம்பரமும், வரிச்சுமையும், பாரசீகப் போரில் தோல்வியும் ஜனங்களைக் கொதிக்க வைத்திருந்த நேரம். செப்டம்பர் 28 அன்று இவர் தலைமையில் ஒரு சின்னக் கூட்டம் கடைவீதியில் கலகத்தைத் தொடங்கியது. சில நாட்களில் பிரதம மந்திரி கொல்லப்பட்டார், சுல்தான் மூன்றாம் அகமது அரியணையை விட்டு இறங்கினார். அவருடைய அண்ணன் மகன் சுல்தான் ஆனார். அவர்தான் முதலாம் மஹ்மூத், ஆமாம், நான் படுத்திருந்த ஹமாமைக் கட்டியவரேதான்!

முதுகு தேய்த்த ஒருவரால் கிடைத்த அரியணை. ஆனால் நவம்பரிலேயே ஹலீலை அரண்மனைக்கு வரவழைத்துக் கொன்றுவிட்டார்கள். அதோடு விடவில்லை. புதிதாக அல்பேனியர்களை ஹமாம் வேலையில் சேர்க்கக் கூடாது என்று உத்தரவு போட்டார் மஹ்மூத். 1752-ல் இஸ்தான்புல் ஹமாம்களில் யார் யார் வேலை பார்க்கிறார்கள், எந்த ஊர்க்காரர்கள் என்று கணக்கெடுத்து ஒரு பதிவேடே தயாரானது. இன்றைக்கும் இருக்கிறது அந்தப் பதிவேடு. வரலாறு அந்தத் தொழிலாளிகளின் பெயரை எழுதி வைத்தது அவர்கள் மேல் இருந்த பயத்தினால்தான் என்பது என் எண்ணம்.

ஜாலோலு ஹமாமின் வருமானம் எங்கே போயிற்று தெரியுமா? ஆயா சோஃபியாவுக்குள் மஹ்மூத் அமைத்த நூலகத்துக்கு. ஜனங்கள் குளித்த காசில் புத்தகங்கள்! இதை நினைத்தால் அவர் மேல் முழுசாகக் கோபப்படவும் முடியவில்லை. இஸ்தான்புல்லில் எழுந்த கடைசிப் பெரிய ஹமாம்களில் இதுவும் ஒன்று. தண்ணீரும் விறகும் கட்டுப்படியாகவில்லை என்று 1768-ல் புதிய பெரிய ஹமாம்கள் கட்டவே தடை வந்துவிட்டது.

குளித்து முடித்து, தலையில் துண்டு சுற்றிக்கொண்டு தேநீர் குடிக்கும்போதுதான் சுருக்கென்றது. ஊரைக் கேட்டேன், அப்பா தொழிலைக் கேட்டேன், பேரைக் கேட்கவில்லையே! சுல்தானுடைய எழுத்தர்களாவது சந்தேகப்பட்டுப் பேரையும் எழுதிக்கொண்டார்கள். நான் எதற்கும் பயப்படவில்லை, அதனால் கேட்கத் தோன்றவில்லை போல.

எழுந்து மறுபடி உள்ளே எட்டிப் பார்த்தேன். அவர் அடுத்த ஆளைத் தேய்த்துக்கொண்டிருந்தார். நீராவியில் முகம் தெரியவில்லை. பளிங்கில் சொம்பு இடிக்கும் சத்தம் மட்டும் கேட்டது. கூப்பிடத் தயங்கித் திரும்பிவிட்டேன். என் டைரியில் அவர் இன்னமும் 'தோகாத்காரர்' தான்.