கழிவு விலையும் சின்ன எழுத்தும்

மாணவருக்கெண்டு கழிவு விலையில் ஒரு மென்பொருள் கிடைச்சால் நாங்கள் விலையைத்தான் பார்க்கிறம். உரிம நிபந்தனையை ஆரும் வாசிக்கிறேல்லை. ‘சம்மதம்’ எண்டதை அமத்திவிட்டுப் போறம். ஆனால் அந்தச் சின்ன எழுத்து ஒருகாலம் ஒரு பாடத்தையே வகுப்பறையிலிருந்து வெளியேற்றியிருக்கு.

அமெரிக்கத் தொலைபேசி நிறுவனமான ஏ.ரி. அன் ரி.யின் பெல் ஆய்வுகூடத்தில் 1969இல் யுனிக்ஸ் இயங்குதளம் தொடங்கியது. அரசு தொடுத்த வழக்கில் 1956இல் ஏற்பட்ட இணக்கப்படி, அந்த நிறுவனம் தொலைத்தொடர்பு தவிர்ந்த வியாபாரத்தில் இறங்க முடியாது. ஆகவே பல்கலைக்கழகங்களுக்கு யுனிக்ஸை மூலநிரலோடு சொற்ப விலைக்குக் கொடுத்தது.

அவுஸ்திரேலியாவின் நியூ சவுத் வேல்ஸ் பல்கலைக்கழகத்தில் ஜோன் லயன்ஸ் எண்ட விரிவுரையாளர் அந்த நிரலை வரிவரியாக விளக்கி, 1976-77இல் தன் மாணவருக்கு ஒரு நூல் எழுதினார். (எங்கட யாழ்ப்பாண வளாகம் தொடங்கி இரண்டு மூன்று வருசம்தான் அப்ப.) 1979இல் வந்த ஏழாம் பதிப்பின் உரிமம், மூலநிரலை வகுப்பில் படிப்பிக்கக் கூடாது எண்டது. லயன்ஸின் நூல் களவாகத்தான் கைமாறியது: கொப்பியில் இருந்து கொப்பி, அதிலிருந்து இன்னொரு கொப்பி. சோதனைக்கு முதல்நாள் திருநெல்வேலியில் போட்டோக்கொப்பிக் கடை தேடி ஓடினவைக்கு இது வடிவாக விளங்கும். அந்த நூல் முறைப்படி அச்சானது 1996இல்தான்.

படிப்பிக்க வழியில்லாமல் போன அம்ஸ்ரடாம் பேராசிரியர் அன்ட்ரூ ரனன்போம், 1987இல் மினிக்ஸ் எண்ட சின்ன இயங்குதளத்தைத் தானே எழுதி நூலோடு வெளியிட்டார். அதைப் படிச்ச ஹெல்சிங்கி மாணவன் லினஸ் ரோர்வால்ட்ஸ் 1991இல், 21 வயசில், லினக்ஸை வெளியிட்டார். அவர் முதலில் போட்ட நிபந்தனையும் இறுக்கம்தான்: விநியோகிக்கக் காசு வாங்கக் கூடாது. 1992இல் அதை மாற்றிப் பொது உரிமத்துக்குப் போனார். லினக்ஸ் பரவினதுக்கு நிரலைவிட அந்த மாற்றம்தான் பெரிய காரணம் எண்டு நான் நினைக்கிறன்.

இப்ப எங்கட கதைக்கு வருவம். மைக்ரோசொப்ட் ஒபிஸ் 2007 மாணவர் பதிப்பின் தலைப்புப் பட்டியிலேயே ‘வணிகப் பயன்பாட்டுக்கு அல்ல’ எண்டு கிடந்தது. ஓட்டோடெஸ்க் மாணவருக்கு இலவசம். ஆனால் வருசத்துக்கு ஒருக்கால் புதுப்பிக்க வேணும், அதுவும் மாணவராக இருக்குமட்டும். அதில் காசுக்கு ஒரு வீட்டுப் படம் கீறிக் குடுத்தாலே உரிமத்தை மீறினதுதான். ‘அப்ப கள்ளக் கொப்பி இருக்குத்தானே’ எண்டு சொல்லுவியள். இலங்கையின் 2003ஆம் ஆண்டு 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டம் கணினி நிரல்களையும் காக்குது. ஆகவே அமத்த முதல் மூண்டு வரியைத் தேடுங்கோ: எதுக்குப் பாவிக்கலாம், எத்தனை கணினியில், பட்டமளிப்புக்குப் பிறகு உங்கட கோப்பு திறக்குமோ?