கீழாநெல்லியைச் சோதித்த கதை

மழை பெய்த சில நாட்களில் வேலியோரத்திலும் கிணற்றடியிலும் முளைத்துவிடும் கீழாநெல்லியை நீங்கள் பார்த்திருப்பீர்கள். இலைகளுக்குக் கீழே வரிசையாகத் தொங்கும் சின்னஞ்சிறு காய்களே அதற்கு அப்பெயரைத் தந்தன. மஞ்சள் காமாலை என்றதும் இதை அரைத்து மோரில் கலக்கிக் கொடுக்கும் வழக்கம் நம் வீடுகளில் இன்றும் உண்டு. குடித்தவர் பெரும்பாலும் குணமடைகிறார். ஆனால் குணமாக்கியது செடிதானா?

விடை சொல்வது எளிதன்று. மஞ்சள் காமாலை ஒரு தனி நோயல்ல, நோயின் அடையாளம். இரத்தத்தில் பிலிரூபின் என்னும் நிறப்பொருள் மிகும்போது கண்ணும் தோலும் மஞ்சளாகின்றன. அசுத்த நீரால் பரவும் ஹெபடைடிஸ் ஏ வைரஸ் உண்டாக்கும் காமாலை, பெரும்பாலோருக்குச் சில வாரங்களில் தானே தணிந்துவிடும். அந்த வாரங்களில் நாம் எதைக் குடித்தாலும் பெயர் அதற்குத்தான்!

ஹெபடைடிஸ் பி வைரஸ் அப்படியன்று. சிலருடைய உடலில் அது ஆண்டுக்கணக்கில் தங்கிவிடும். கல்லீரல் சுருக்கத்துக்கோ புற்றுநோய்க்கோ வழிகோலும். இவர்களுடைய இரத்தத்தில் வைரஸின் மேலுறைப் புரதம் மிதந்துகொண்டேயிருக்கும். அமெரிக்க அறிஞர் பாரூக் பிளம்பர்க் இதை ஆஸ்திரேலியப் பழங்குடியினர் ஒருவரின் இரத்தத்தில் கண்டறிந்ததால், இது முதலில் 'ஆஸ்திரேலியா ஆன்டிஜென்' எனப் பெயர் பெற்றது. அவருக்கு 1976-ல் நோபல் பரிசும் கிடைத்தது. இங்கே நமக்கு வேண்டிய செய்தி வேறு. இந்த ஆன்டிஜென் தானாக மறைவது மிக அரிது. ஓராண்டில் நூற்றுக்கு ஓரிருவரிடம் மறைந்தால் அதிகம். ஆகவே, ஒரு மருந்து வேலை செய்ததா, இயற்கை வேலை செய்ததா என்று பிரித்தறிய இது நல்லதோர் அளவுகோல்.

இந்த அளவுகோலைக் கையில் எடுத்தவர் சென்னைப் பல்கலைக்கழகத்து நுண்ணுயிரியல் அறிஞர் எஸ்.பி. தியாகராஜன். அவரும் உடன் உழைத்தவர்களும், கரிசலாங்கண்ணியும் கீழாநெல்லியும் சோதனைக் குழாயில் அந்த ஆன்டிஜெனைச் செயலிழக்கச் செய்வதாக 1982-ல் எழுதினர். 1987-ல் பிலடெல்பியாவில் வெங்கடேஸ்வரன், மில்மன், பிளம்பர்க் ஆகிய மூவரும் கீழாநெல்லிச் சாற்றை, 'உட்சக்' என்னும் வட அமெரிக்கக் கொறி விலங்குக்குச் செலுத்திப் பார்த்தனர். ஹெபடைடிஸ் பி-யின் நெருங்கிய உறவான வைரஸ் ஒன்று அவ்விலங்கைத் தாக்குவதுண்டு. அங்கும் நம்பிக்கை தரும் முடிவுகள் வந்தன.

1988-ல் 'லான்செட்' இதழில் தியாகராஜன் குழுவின் கட்டுரை வெளிவந்தது. வைரஸைத் தாங்கியிருந்த 78 பேர் சேர்க்கப்பட்டிருந்தனர். ஒரு பிரிவினருக்குச் செடியின் உலர்ந்த தூள் 200 மில்லிகிராம் வீதம் நாளைக்கு மூன்று வேளை, 30 நாட்கள். மற்றவர்களுக்கு வெற்று மருந்து. சிகிச்சை முடிந்து 15 முதல் 20 நாட்களில் சோதித்தபோது, செடி உண்ட 37 பேரில் 22 பேரிடம் ஆன்டிஜென் மறைந்திருந்தது. வெற்று மருந்து உண்ட 23 பேரிலோ ஒருவரிடம் மட்டுமே! தற்செயலாக நேரக்கூடிய வேறுபாடு அன்று இது.

கூட்டிப் பாருங்கள். 37-உம் 23-உம் சேர்ந்தால் 60. மீதி 18 பேர் எங்கே? இயற்பியல் ஆய்வுக்கூடத்தில் பத்து அளவீடுகள் எடுத்த மாணவர் ஏழுக்கு மட்டும் சராசரி கண்டு நீட்டினால், நாங்கள் முதலில் கேட்பது விடுபட்ட மூன்றைத்தான். இதனால் ஆய்வு பொய் என்றாகிவிடாது. நோயாளிகள் திரும்பி வராமல் போவது எங்கும் நடப்பதே. ஆயினும், வராதவர்கள் வந்தவர்களைப் போன்றவர்களே என்று நாம் எடுத்துக்கொள்ள முடியாது.

இவ்வளவு பெரிய முடிவை மற்றவர்களும் பெற்றாக வேண்டுமல்லவா? 1990-ல் தாய்லாந்து மருத்துவர்கள் அதே செடியை நோய்க்குறியற்ற வைரஸ் தாங்கிகளுக்குக் கொடுத்துப் பார்த்து, பெரிய பயன் எதையும் காணவில்லை என 'லான்செட்'டிலேயே எழுதினர்.

ஏன் இந்த முரண்பாடு? செடியிலேயே ஒரு குழப்பம் இருக்கிறது. 1982-லும் 1987-லும் வந்த கட்டுரைகள் அதை 'பில்லாந்தஸ் நிரூரி' என்றன. 1988-ல் அது 'பில்லாந்தஸ் அமாரஸ்' ஆகிவிட்டது. உண்மையான நிரூரி அமெரிக்கக் கண்டத்துச் செடி. நம் வேலியோரச் செடிகளுள் அமாரஸும் உண்டு, அதன் உடன்பிறப்பு போன்ற வேறு இனங்களும் உண்டு. பறிப்பவர் கண்ணுக்கு எல்லாம் கீழாநெல்லிதான். மண்ணும் பருவமும் மாறினால் செடியிலுள்ள வேதிப்பொருள்களின் அளவும் மாறும். நோயாளிகளும் ஒரே தன்மையர் அல்லர். பிறப்பின்போதே வைரஸ் தொற்றியவரிடமிருந்து அதை விரட்டுவது மிகக் கடினம். இவற்றுள் எது காரணம் என்பதைவிட, சென்னையில் கண்ட 59 விழுக்காடு வேறிடத்தில் மீண்டும் கிடைக்கவில்லை என்பதே எனக்குப் பெரிதாகப் படுகிறது.

2011-ல் காக்ரேன் அமைப்பு 16 ஆய்வுகளைச் சேர்த்து ஆராய்ந்தது. இவற்றுள் செடியை வெற்று மருந்தோடு நேராக ஒப்பிட்டது ஒன்றே ஒன்று! நாட்பட்ட ஹெபடைடிஸ் பி-க்கு இச்செடி உதவும் என நம்பத்தக்க சான்று இல்லை என்றே அவ்வமைப்பு முடிவு கூறிற்று.

இன்று ஹெபடைடிஸ் பி வராமல் தடுக்கத் தடுப்பூசி இருக்கிறது. வந்தவருக்கு டெனோபோவிர் போன்ற மாத்திரைகள் வைரஸின் பெருக்கத்தை நன்றாக அடக்குகின்றன. ஆனால் அம்மாத்திரைகளாலும் அந்த ஆன்டிஜென் மறைவது அரிதே. 1988-ல் சென்னையில் அளந்து பார்த்த அதே பொருளை இரத்தத்திலிருந்து மறையச் செய்வதுதான் புதிய மருந்து தேடுவோரின் குறியாக இன்னும் இருந்துவருகிறது.