துப்பாக்கிக்குள்ளேயே ஒரு ‘டூல் கிட்’: எதற்குப் பயன்படுகிறது? யார் கையில் இருக்கலாம்?

கும்மிடிப்பூண்டி சிப்காட், கவரைப்பேட்டை பக்கம் வேலை பார்க்கும் ஃபிட்டர்களுக்கு ஸ்பேனர், ஸ்க்ரூடிரைவர், பஞ்ச் எல்லாம் தினமும் கையில் புழங்கும் சாமான்கள். இந்த மூன்றின் வேலையையும் ஒரே சின்னக் கருவியில் அடக்கினால்? ரைஃபிள் பராமரிப்புக்கு அப்படி ஒரு கருவி இருக்கிறது. ‘காம்பினேஷன் டூல்’ என்பார்கள். பார்க்க சாதாரண இரும்புத் துண்டு மாதிரிதான் இருக்கும். அதை வைத்து என்ன செய்கிறார்கள், யார் செய்யலாம், சட்டம் என்ன சொல்கிறது? பார்க்கலாம்.

எதற்கு இந்தக் கருவி?

தானாக அடுத்த தோட்டாவை ஏற்றிக்கொள்ளும் ரைஃபிள்களில் பெரும்பாலானவை வாயு அழுத்தத்தில் இயங்குபவை. குண்டு வெடிக்கும்போது உண்டாகும் வாயுவில் ஒரு பகுதி பிஸ்டனைப் பின்னால் தள்ளும். காலித் தோட்டா வெளியே விழும், புதுத் தோட்டா உள்ளே ஏறும். ஒவ்வொரு முறை சுடும்போதும் கரி படியும். துடைக்காமல் விட்டால் பாகங்கள் இறுகும், துப்பாக்கி நடுவில் நின்றுவிடும். காட்டிலோ எல்லையிலோ இருக்கும் வீரரால் டூல் பாக்ஸைத் தூக்கிக்கொண்டு அலைய முடியாது. அதனால்தான் பல வேலைக்கு ஒரே கருவி.

303 முதல் ஏகே வரை

பழைய 303 லீ-என்ஃபீல்டு ரைஃபிளின் மரக்கட்டைப் பின்பகுதியில் ஒரு சின்ன மூடி இருக்கும். திறந்தால் எண்ணெய்க் குப்பியும் ‘புல்-த்ரூ’ கயிறும் கிடைக்கும். கயிற்றின் ஒரு முனையில் எடை, மறுமுனையில் துணி. எடையைக் குழலுக்குள் விட்டு, மறுபக்கம் இழுத்தால் குழல் சுத்தமாகும். அந்தத் துணிக்கு ‘ஃபோர் பை டூ’ என்று பெயர். 4 அங்குல நீளம், 2 அங்குல அகலம், அதனால் அந்தப் பெயர்.

அடுத்து வந்தது எஸ்எல்ஆர். மேற்கு வங்கத்தின் இச்சாப்பூர் தொழிற்சாலையில் தயாரானது. இதில் பிஸ்டனுக்குப் போகும் வாயுவின் அளவைக் கூட்டிக் குறைக்க ஒரு ரெகுலேட்டர் உண்டு. வாயு குறைந்தால் காலித் தோட்டா வெளியே வராது. அதிகமானால் பாகங்கள் அடிபட்டுத் தேயும். அதைத் திருகவும், முன் குறிமுனையை ஏற்றி இறக்கவும் பயன்பட்டதுதான் எஸ்எல்ஆரின் காம்பினேஷன் டூல்.

ஏகேஎம் வகை ரைஃபிளில் இன்னும் ஒரு படி மேலே போய்விட்டார்கள். பின்கட்டையில் இருக்கும் துளைக்குள் ஒரு உலோக டப்பா. உள்ளே பிரஷ், துணி சுற்றும் முனை, ஸ்க்ரூடிரைவர், பின் தள்ளும் பஞ்ச். டப்பாவே கைப்பிடியாக மாறும். அதன் மூடியைக் குழல் வாயில் மாட்டினால், சுத்தம் செய்யும் கம்பி உரசி வாய் தேயாமல் காக்கும். ஸ்க்ரூடிரைவரில் இருக்கும் வெட்டு, குறிமுனையைத் திருகத்தான். எதுவும் வீணில்லை!

ஆர்மரர் வேலை வேறு

மேலே சொன்னவை வீரரே செய்துகொள்ளும் பராமரிப்பு. குழலைக் கழற்றி மாட்டுவது, ட்ரிக்கர் பாகங்களை மாற்றுவது எல்லாம் ‘ஆர்மரர்’ எனப்படும் பயிற்சி பெற்றவரின் வேலை. ஏஆர் வகை ரைஃபிள்களுக்கு அவர்கள் வைத்திருக்கும் ‘ஆர்மரர் ரெஞ்ச்’ நீளமானது. குழலை இறுக்கும் நட்டுக்கும் பின்கட்டையைப் பிடிக்கும் ‘காசில் நட்’டுக்கும் அதில் தனித்தனி பற்கள் இருக்கும். டார்க் ரெஞ்சைப் பொருத்த ஒரு சதுரத் துளையும் உண்டு. அளவாக முறுக்க வேண்டும் என்பதே காரணம். தளர்ந்தால் குறி தவறும், அதிகம் முறுக்கினால் மரை கெடும்.

தமிழ்நாட்டுக்கும் இதற்கும் நேரடித் தொடர்பு உண்டு. 1966-ல் தொடங்கப்பட்ட திருச்சி துப்பாக்கித் தொழிற்சாலையில்தான் ‘திருச்சி அசால்ட் ரைஃபிள்’ தயாராகிறது. 2021 அக்டோபர் முதல் இந்த ஆலை, கான்பூரைத் தலைமையிடமாகக் கொண்ட பொதுத்துறை நிறுவனமான ஏடபிள்யூஇஐஎல்-இன் கீழ் இயங்குகிறது.

சட்டம் என்ன சொல்கிறது?

பிரஷ்ஷும் ஸ்க்ரூடிரைவரும் கடையில் கிடைக்கும் சாதாரணப் பொருட்கள்தான். ஆனால் 1959-ம் ஆண்டு ஆயுதச் சட்டப்படி துப்பாக்கியின் பாகங்களும், ஆயுதம் தயாரிக்கும் இயந்திரங்களும் ‘ஆயுதம்’ என்ற வரையறைக்குள் வரும். அந்தச் சட்டத்தின் 5-வது பிரிவுப்படி, துப்பாக்கி தயாரிக்க, விற்க, மாற்றியமைக்க மட்டுமல்ல, பழுது பார்க்கவும் உரிமம் வேண்டும்.

‘கையில் வேலை தெரியும், பக்கத்து வீட்டுக்காரர் துப்பாக்கியைச் சரி பண்ணித் தரேன்’ என்று ஒரு ஃபிட்டரோ லேத் பட்டறைக்காரரோ இறங்கினால் சிக்கல்தான். 2019 திருத்தத்துக்குப் பிறகு இதற்குக் குறைந்தபட்ச தண்டனை 7 ஆண்டு சிறை. அதிகபட்சம் ஆயுள் தண்டனை. கூடவே அபராதமும் உண்டு. உரிமம் வைத்திருப்பவர்களும், துப்பாக்கி பழுதானால் அதற்கான உரிமம் பெற்ற டீலரிடம்தான் கொடுக்க வேண்டும்.

உரிமதாரர்கள் கவனத்துக்கு

சுத்தம் செய்யும்போது ‘உள்ளே தோட்டா இல்லை’ என்று நினைத்துக்கொள்வதுதான் பெரிய ஆபத்து. இந்த வரிசையை மாற்றவே கூடாது:

* முதலில் குழலைப் பாதுகாப்பான பக்கம் திருப்பவும். விரல் ட்ரிக்கரில் இருக்கக் கூடாது.

* மேகசினைக் கழற்றவும். அதன் பிறகுதான் போல்ட்டை இழுக்க வேண்டும். மேகசின் உள்ளே இருக்கும்போது இழுத்துவிட்டால், அடுத்த தோட்டா அறைக்குள் ஏறிவிடும்.

* தோட்டா அறையைக் கண்ணால் பார்த்து, விரலால் தொட்டும் உறுதி செய்யவும்.

* தோட்டாக்களை அந்த அறையிலேயே வைக்காமல் வேறு இடத்தில் பூட்டி வைக்கவும். குழந்தைகள் பக்கத்தில் இருக்கக் கூடாது.

* துடைத்து, மெல்லிய படலமாக எண்ணெய் பூசினால் போதும். எண்ணெய் அதிகமானால் தூசியும் கரியும் சேர்ந்து பாகங்கள் மறுபடி இறுகும்.

இதெல்லாம் முடிந்த பிறகுதான் கருவியைக் கையில் எடுக்க வேண்டும்.