லிட்டில் இந்தியா (சிங்கப்பூர்)

லிட்டில் இந்தியா என்பது சிங்கப்பூரில், சிராங்கூன் சாலையின் தென்முனையை ஒட்டி, ரோச்சோர் கால்வாய்க்கு அருகே அமைந்த பழைய வணிக வட்டாரமாகும். உள்ளூர்த் தமிழர் இதனைத் தேக்கா என்றே வழங்குவர். 1989 ஜூலை 7ஆம் நாள் இது பாதுகாக்கப்பட்ட பகுதியாக அறிவிக்கப்பட்டதனால், கீழே கடையும் மேலே குடியிருப்புமாகக் கட்டப்பட்ட கடைவீடுகளும், அவற்றின் முகப்பில் வெயிலுக்கும் மழைக்கும் ஒதுங்க இடந்தரும் ஐந்தடி நடைபாதைகளும் பெருமளவு அழியாது நின்றன. வழிகாட்டி நூல்கள் சில இதனைச் சிங்கப்பூர்த் தமிழரின் ஆதிக் குடியிருப்பாகக் காட்டுகின்றன. அது வரலாற்றோடு பொருந்துவதன்று. சிங்கப்பூரில் ஆங்கிலேயர் குடியேற்றத்தை நிறுவிய ராஃபிள்ஸின் விருப்பப்படி 1822இல் வகுக்கப்பட்ட நகரத் திட்டம், சூலியர் எனப்பட்ட தென்னிந்தியருக்குச் சிங்கப்பூர் ஆற்றின் மேற்பகுதியிலேயே இடம் ஒதுக்கியிருந்தது.

சிராங்கூன் வட்டாரத்தை உருவாக்கியவை நகரத் திட்டங்கள் அல்ல. மண்ணும் நீரும் மாடுகளுமே. களிமண் கிடைத்ததால் செங்கற்சூளைகளும், அவற்றோடு சுண்ணாம்புக் காளவாய்களும் இங்கு எழுந்தன. 1843இல் குதிரைப் பந்தயத் திடல் அமைந்தபோது ஐரோப்பியர் சிலர் அருகே குடியேறினர். புல்லும் நீர்நிலைகளும் நிறைந்திருந்தமையால் மாட்டு வணிகம் தழைத்தது. அதில் முன்னணியில் நின்றவர் கல்கத்தாவிலிருந்து வந்த யூத வணிகரான பெலிலியோஸ் என்பவர். அவர் பெயரைத் தாங்கிய சாலையும், பஃபலோ சாலையும், மலாய் மொழியில் எருமையைக் குறிக்கும் கெர்பாவ் சாலையும் இன்றும் உள்ளன. மாடு மேய்ப்போர், பால் கறப்போர், சூளைத் தொழிலாளர் என இந்தியர் திரண்டது இத்தொழில்களை நம்பியே. பந்தயத் திடல் 1933இல் புக்கிட் தீமாவுக்கு இடம்பெயர்ந்த பின்னும் ரேஸ் கோர்ஸ் சாலை என்னும் பெயர் நிலைத்துவிட்டது.

சிராங்கூன் சாலையிலுள்ள ஸ்ரீ வீரமாகாளியம்மன் கோயில் இத்தொழில் வரலாற்றோடு நேரடித் தொடர்புடையது. 1881இல் எழுந்த இக்கோயிலைச் 'சுண்ணாம்புக் கம்பத்துக் கோயில்' என்று முன்னோர் அழைத்தனர். கம்பம் என்பது சிற்றூரைக் குறிக்கும் மலாய்ச் சொல்லின் தமிழ் வழக்கு. இரண்டாம் உலகப் போரில் ஜப்பானிய விமானங்கள் குண்டு வீசியபோது அக்கம்பக்கத்தார் இங்கு தஞ்சம் புகுந்தனர். சாலையின் வடபகுதியில் 1855இல் தோன்றிய ஸ்ரீ ஸ்ரீனிவாசப் பெருமாள் கோயில் 1978இல் தேசிய நினைவுச் சின்னமாக அறிவிக்கப்பட்டது. டன்லப் தெருவிலுள்ள அப்துல் கஃபூர் பள்ளிவாசலோ, கட்டடக்கலையில் இவ்வட்டாரத்தின் தலைசிறந்த ஆக்கம் எனலாம்: 1910இல் நிறைவுற்ற இதன் நுழைவாயிலுக்கு மேலே கதிரவன் வடிவ அலங்காரம் ஒன்று அமைந்து, அதன் 25 கதிர்களிலும் 25 நபிமார்களின் பெயர்கள் அரபு எழுத்தணியில் பொறிக்கப்பட்டுள்ளன. படமெடுப்போர் மொய்க்கும் இடம் இதுவன்று. கெர்பாவ் சாலையில் 1900இல் கட்டப்பட்ட, டான் டெங் நியா என்னும் சீன வணிகரின் பல வண்ண மாளிகையே. அவ்வண்ணங்கள் பிற்காலச் சீரமைப்பில் வந்தவை.

தேக்கா நிலையம் 1982இல் திறக்கப்பட்டபோது அதற்குச் சீன மாண்டரின் உச்சரிப்பில் பெயரிட்டனர்; மக்கள் நாவில் அது ஒட்டாமற்போகவே, 2000இல் பழைய பெயரே மீண்டது. கீழ்த்தளத்தில் மீனும் இறைச்சியும் முருங்கைக்காயும் விற்கும் ஈரச்சந்தையும் உணவங்காடியும் இயங்குகின்றன. கேம்பல் லேனில் 2015 மே மாதம் திறக்கப்பட்ட இந்திய மரபுடைமை நிலையம், வடஇந்தியப் படிக்கிணற்றின் அமைப்பைத் தழுவிக் கட்டப்பட்ட அருங்காட்சியகமாகும்.

ஞாயிற்றுக்கிழமைகளில் தமிழ்நாட்டிலிருந்தும் வங்கதேசத்திலிருந்தும் வந்த தொழிலாளர் இங்குத் திரண்டு பொருள் வாங்குவதும், ஊருக்குப் பணம் அனுப்புவதும், ஊராரைச் சந்திப்பதும் வழக்கம். 2013 டிசம்பர் 8ஆம் நாள் பேருந்து விபத்தொன்றில் இந்தியத் தொழிலாளர் ஒருவர் இறந்ததை அடுத்துக் கலவரம் மூண்டது. அதன்பின் பொதுவிடங்களில் மது அருந்துவதற்குக் கட்டுப்பாடுகள் விதிக்கப்பட்டு, 2015இல் சட்டமாயின. ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்தை இடையூறாகக் கருதிப் பயணிகள் வேறு நாளைத் தேர்வதுண்டு. ஆயினும் வட்டாரம் தன் பழைய பணியைச் செய்துகொண்டிருப்பதைக் காணத் தக்க நாள் அதுவே.

தமிழரின் மிகப் பழைய நினைவிடங்களைக் காண விரும்புவோர் இங்கிருந்து சைனாடவுனுக்குச் செல்ல வேண்டும். 1819இல் ராஃபிள்ஸுடன் பினாங்கிலிருந்து வந்த நாராயண பிள்ளை 1827இல் நிறுவிய ஸ்ரீ மாரியம்மன் கோயில் சவுத் பிரிட்ஜ் சாலையில் உள்ளது. அதே சாலையில், சில அடிகள் தொலைவில், சூலியா முஸ்லிம்கள் கட்டிய ஜாமிஆ பள்ளிவாசல் நிற்கிறது. முன்பு கடற்கரையாயிருந்த தெலுக் ஆயர் தெருவில், நாகூர் ஆண்டவர் நினைவாக 1830 அளவில் எழுந்த நாகூர் தர்கா இப்போது இந்திய முஸ்லிம்களின் மரபுடைமை நிலையமாக விளங்குகிறது.

இவ்விரு வட்டாரங்களும் திருவிழாக்களால் இன்றும் இணைந்துள்ளன. தீமிதியின்போது பக்தர்கள் பெருமாள் கோயிலிலிருந்து மாரியம்மன் கோயிலுக்கு நடந்து செல்வர். தைப்பூசக் காவடிகளோ அதே பெருமாள் கோயிலிலிருந்து புறப்பட்டு, செட்டியார்கள் 1859இல் அமைத்த டேங்க் ரோடு தெண்டாயுதபாணி கோயிலை அடைகின்றன. தைப்பூசம் 1968 வரை சிங்கப்பூரில் பொது விடுமுறையாக இருந்தது.