ரூர் எஃகாலைகளின் இணைப்பு

முதல் உலகப் போரின் முடிவில் லொரேன் பகுதியின் இரும்புத் தாது நிலங்களை இழந்த, ஜெர்மனியின் ரூர் பகுதி எஃகு முதலாளிகள், பணவீக்கக் காலத்தில் ஜெர்மன் நாணயமான மார்க்கின் மதிப்பு சரியச் சரியப் பழைய கடன்களை எளிதாக அடைத்துப் புதிய உலைகளை எழுப்பினர். 1923-இன் இறுதியில் நாணயம் நிலைபெற்றதும், கொள்வாரற்ற எஃகும் தாங்க முடியாத வட்டியுமே அவர்களுக்கு எஞ்சின. 1924-இல் அமைந்த கச்சா எஃகுக் கூட்டமைப்பு, அதாவது விலை வீழாதிருக்க ஒவ்வொரு நிறுவனத்துக்கும் உற்பத்தி அளவை வரையறுத்த உடன்படிக்கை, தேர்ந்த ஆலையையும் தேய்ந்த ஆலையையும் ஒருசேர அரைகுறையாக ஓடவைத்தது.

நிறுவனங்கள் தனித்து நின்றவரை இந்த முடிச்சு அவிழவில்லை. ஒரே நிறுவனத்துக்குள் வந்துவிட்டாலோ, மூடப்படும் ஆலையின் ஒதுக்கீட்டைச் சிறந்த ஆலைக்கு மாற்றி அதை முழுவீச்சில் இயக்கலாம். இதுவே இணைப்பின் உயிர்நாடி எனலாம். ரூரின் நான்கு எஃகுக் குழுமங்கள், ரைன்-எல்பே ஒன்றியம் 39.5, தைசன் 26, ஃபீனிக்ஸ் 26, ரைன்ஷ்டால் 8.5 விழுக்காடு எனப் பங்கு பிரித்துக்கொண்டு, 80 கோடி ரைஷ்மார்க் மூலதனத்தில் உருவாக்கிய ஃபெரைனிக்டே ஷ்டால்வெர்கே நிறுவனம், 1926 ஏப்ரல் 1 அன்று இயங்கத் தொடங்கியது; ஆல்பர்ட் ஃபோக்லர் அதன் நிர்வாகத் தலைவரானார். மற்றொரு ரூர் எஃகு நிறுவனமான குரூப் இதில் சேராமல் விலகி நின்றது.

முன்பு ஒவ்வோர் ஆலையும் தண்டவாளம், உத்திரம், கம்பி, தகடு என அனைத்தையும் செய்ய முனைந்ததால், சிறுசிறு ஆணைகளுக்காக உருட்டாலையை, அதாவது பழுக்கக் காய்ந்த எஃகை உருளைகளுக்கிடையே நசுக்கி வடிவமைக்கும் கூடத்தை, நிறுத்தி உருளைகளை மாற்றுவதிலேயே நேரம் கழிந்தது. இணைப்புக்குப் பின் ஆணைகள் வகைவாரியாகப் பிரிக்கப்பட்டு, ஒரே உருளைகள் நீண்ட நேரம் ஓடின. ஊதுலையில் உருகிய இரும்பு ஆறுமுன்பே எஃகு உலைக்குச் செல்ல, ஊதுலை வாயு பக்கத்து இயந்திரங்களை இயக்கியது. இத்திறமைக்கான விலையை மூடப்பட்ட ஆலைகளின் தொழிலாளர்களே கொடுத்தனர் என்பதை மறைத்து இவ்வரலாற்றை எழுதுதல் நேர்மையாகாது.

சீரமைப்புக்கான பணத்தில் பெரும்பகுதி அமெரிக்கக் கடனாக வந்தது. 1929-க்குப் பின் உலகப் பெருமந்தம் சூழ்ந்தபோது செலவைக் குறைக்க முடிந்ததே தவிர, கடனைக் குறைக்க முடியவில்லை. 1932-இல், ஃபெரைனிக்டே ஷ்டால்வெர்கேயைத் தன் கட்டுப்பாட்டில் வைத்திருந்த கெல்சன்கிர்ஷன் சுரங்க நிறுவனத்தின் பங்குகளை, தொழிலதிபர் ஃபிரீட்ரிஷ் ஃபிளிக்கிடமிருந்து சந்தை விலையைவிடப் பல மடங்கு கூடுதலாக ஜெர்மன் அரசு வாங்கியது. ஆகவே, போட்டி ஆலைகளின் இணைப்பு உற்பத்தியைச் செம்மைப்படுத்தியதேயன்றி நிறுவனத்தை மந்தத்திலிருந்து காக்கவில்லை. அதன் முதலாளிகளைக் கரையேற்றியது பொதுமக்களின் வரிப்பணமே.